விலகல் பூஜ்யம்

மானுட அறிவின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் அனைவரும் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது: நீரியல் துறையின் முதுகலைச் சேர்க்கைக் குழு, வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, இரண்டாம் மாடிக் கூட்ட அறையில், மீதமிருந்த ஒரே ஓர் இடத்தை நிரப்புவதற்காகக் கூடியது. பத்தொன்பது இடங்கள் நிரம்பிவிட்டன. இருபதாவதுக்கு இரண்டு பேர் போட்டி. நாலு மணிக்குப் பட்டியல் இணையத்தில் ஏறியாக வேண்டும். கதவில் 'இரகசியக் கூட்டம்' என்று பலகை தொங்கியது. உள்ளே கைகழுவும் குழாயில் தண்ணீர் வரவில்லை. நீரியல் துறையில் அது வழக்கம்தான்.

குழுவில் மூன்று பேர். முதலாமவர் துறைத் தலைவர். தன் வீட்டு நாய் வாலாட்டினாலும் இதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கிறவர். இரண்டாமவர் புள்ளியியல் பாடம் நடத்துபவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் தசமம். மணி கேட்டால்கூடப் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் சொல்வார். மூன்றாமவர் போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த பெண். எல்லோருக்கும் அவர் புது மேடம். குழு விதியில் 'ஒரு இளையவர்' என்று இருந்ததால் உட்கார வைத்திருந்தார்கள். பேச வேண்டும் என்று விதியில் இல்லை.

போட்டியில் இருந்த இருவருக்கும் அந்த அறையில் பெயர் கிடையாது. மதிப்பெண்ணை வைத்துக் குழுவே பெயர் சூட்டியிருந்தது. ஒருவன் நேர்கோடு. இளங்கலையின் ஆறு பருவத்திலும் எழுபத்தொன்பது, எழுபத்தொன்பது, எழுபத்தொன்பது என்று தண்டவாளம் மாதிரிப் போனவன். இன்னொருத்தி ஏணி. முதல் மூன்று பருவம் ஐம்பத்தொன்று, நாற்பத்தொன்பது, ஐம்பத்துநாலு. அடுத்த மூன்று எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றுமூன்று.

"இதுல எனக்கு ஒண்ணு புரியல" என்று தலைவர் ஆரம்பித்தார். புரியாத ஒன்று கிடைத்துவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம். "அம்பத்துநாலு எடுத்தவ ஆறே மாசத்துல எண்பத்தெட்டு எடுக்கறான்னா நடுவுல ஏதோ நடந்திருக்கு."

"படிச்சிருப்பா சார்" என்றார் புது மேடம்.

"எல்லாரும்தான் படிக்கறாங்க. நான் படிக்கலையா?"

தசமம் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் தாளை நடுமேசைக்கு நகர்த்தினார். இந்த ஆண்டு அவர் 'நிலைத்தன்மைக் குறியீடு' என்று ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்கு அனுப்பி, அவர்கள் வரச் சொல்லியும்விட்டார்கள். சராசரி மதிப்பெண்ணிலிருந்து ஏற்ற இறக்கத்தின் அளவை, அதாவது விலகலை, கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

"பையனோட சராசரி எழுபத்தொன்பது. விலகல் பூஜ்யம். இருபத்திரண்டு வருஷத்துல விலகல் பூஜ்யம் நான் பார்த்ததே இல்ல. குறியீடு எழுபத்தொன்பது. பொண்ணோட சராசரி எழுபத்தொண்ணு. விலகல் பத்தொன்பது புள்ளி ஏழு ஏழு. குறியீடு அம்பத்தொண்ணு புள்ளி ரெண்டு மூணு."

புது மேடம் பேனாவை மூடினார். "சார், ஒரு சந்தேகம். அந்தப் பொண்ணு ஆறு பருவமும் அதே அம்பத்தொண்ணு வாங்கியிருந்தா குறியீடு என்ன வரும்?"

"அம்பத்தொண்ணு."

"அப்ப மூணு பருவம் ராத்திரி பகலா படிச்சுத் தொண்ணூறை ஒட்டி வாங்கினதுக்கு..."

"புள்ளி ரெண்டு மூணு கூடியிருக்கே" என்றார் தசமம், தாராள மனதுடன்.

அந்தக் குறியீட்டில் இன்னொரு சிறப்பும் உண்டு. பாரபட்சம் வரக்கூடாது என்பதற்காகத் தசமம் ஒவ்வொரு மதிப்பெண் தாளையும் திரையில் திறந்ததும், மேல்பாதியை ஒரு வெள்ளை அட்டையால் மறைத்துக்கொள்வார். பெயர், கல்லூரி, பாடம் எதுவும் கண்ணில் படாது. அடியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் எடுத்து எழுதுவார். அட்டை வைத்துப் பார்க்கும் அளவுக்கு நேர்மையானவர் என்று துறைக்குள் அவருக்கு நல்ல பெயர்.

"குறியீடு இருக்கட்டும்" என்றார் தலைவர். "எனக்கு அந்தத் தாவல்தான் உறுத்துது. ஒண்ணு காப்பி. இல்லன்னா சொந்தக்காரங்க யாரோ அந்தக் காலேஜ்ல வேலைக்குச் சேர்ந்திருக்காங்க. இல்லன்னா மார்க் ஷீட்டே டுபாக்கூர்."

"போன் பண்ணிக் கேட்டுடலாமே சார்" என்றார் புது மேடம்.

தலைவருக்கு அந்த யோசனை பிடித்தது. விசாரணை என்று வந்துவிட்டால் அவர் முதுகு தானாக நிமிரும். போனை ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் ஒரு பெண்குரல்.

"ஹலோ, யாரு?"

"நான் பல்கலைக்கழகத்துல இருந்து பேசறேன். உன்னோட இளங்கலை மார்க் சம்பந்தமா சில விவரம் வேணும்."

"என்ன விவரம்?"

"மூணாவது பருவத்துக்கும் நாலாவது பருவத்துக்கும் நடுவுல என்ன நடந்தது?"

"அடுத்து ஓடிபி கேப்பீங்களா?"

"என்னது?"

"முதல்ல மார்க்னு ஆரம்பிப்பீங்க, அப்புறம் ஒரு நம்பர் வந்திருக்கும் சொல்லும்மான்னு கேப்பீங்க. என் விண்ணப்ப எண்ணைச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்."

தலைவர் வாழ்நாளில் முதல்முறையாகச் சந்தேகிக்கப்பட்டார். முகம் வெந்த கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிற்று. "நான் துறைத் தலைவர்!"

"போன வாரம் பேசினவர் பேங்க் மேனேஜர்" என்றாள் அவள்.

அதற்குள் தையல் நின்றது. போன் அவள் அம்மா கைக்கு மாறியது. "யாருப்பா நீ? வேற வேலை இல்லையா? பொம்பளைப் புள்ளைக்குப் போனைப் போட்டு என்ன நடந்துச்சு ஏது நடந்துச்சுன்னு..."

புது மேடம் எழுந்து போன் பக்கம் குனிந்தார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. நீரியல் துறை. விண்ணப்ப எண் நூத்திப் பதினாலு. நாலு மணிக்குப் பட்டியல் வருது. உங்க பொண்ணு மார்க் திடீர்னு ஏறியிருக்கு, அதுக்குக் காரணம் தெரிஞ்சா அவளுக்கு நல்லது."

"காரணமா?" அந்த அம்மா குரல் இறங்கியது. "கண்ணாடி போட்டா."

"கண்ணாடியா?"

"மூக்குக் கண்ணாடிம்மா. ஒரு நாள் தெருமுனையில என்னைப் பார்த்துட்டு, யாரோன்னு தாண்டிப் போனா. பெத்தவளையே தெரியலையேன்னு அன்னிக்கே கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். மைனஸ் நாலுன்னாங்க. இந்தா, அவகிட்டயே கேளு."

அவள் மறுபடி வந்தாள். இப்போது குரலில் முள் இல்லை, பதற்றம் இருந்தது. "மேடம், நிஜமாதான். போர்டு எனக்குத் தெரியவே தெரியாது. எல்லாருக்குமே அப்படித்தான் மங்கலா தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன். பக்கத்துல இருக்கறவ நோட்டைப் பார்த்துதான் எழுதுவேன்."

"ஆங்!" என்றார் தலைவர். "காப்பி!"

"நோட்டு சார். பரீட்சை இல்ல."

"அந்தப் பக்கத்துப் பொண்ணு என்ன மார்க்?"

"அவளும் அம்பத்தொண்ணுதான் சார். அவ தப்பா எழுதுவா, நானும் அதையே எழுதுவேன்." மூச்சு வாங்கினாள். "சார், எனக்கு வேற எங்கயும் கிடைக்கல. எல்லா இடத்துலயும் மொத்தச் சராசரிதான் பார்த்தாங்க. யாருமே ஏன்னு கேக்கல. நீங்கதான் முதல் தடவையா கேக்கறீங்க. கண்ணாடிச் சீட்டு இருக்கு, அனுப்பவா?"

ஐந்து நிமிடத்தில் கண் மருத்துவரின் சீட்டு, படமாக வந்து சேர்ந்தது. தேதி, மூன்றாம் பருவத் தேர்வு முடிந்து ஒன்பதாம் நாள்.

"சரியா பொருந்துது சார்" என்றார் புது மேடம்.

"அதான் பிரச்சினை" என்றார் தலைவர். "ரொம்பச் சரியா பொருந்துது. உண்மை பேசறவனுக்குத் தேதி ஞாபகம் இருக்காது. எனக்கு என் கல்யாண நாளே ஞாபகம் இல்ல."

"கண்ணாடி போட்டா மார்க் ஏறும்னா" என்று தசமம் தன் தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "நான் பதினேழு புள்ளி அஞ்சு வருஷமா போட்டுட்டிருக்கேன்."

"இப்ப கழட்டிட்டீங்களே சார், தாள் தெரியுதா?" என்றார் புது மேடம்.

மணி மூன்றே கால். கோப்பில் வைக்க இருவரின் மதிப்பெண் தாள்களையும் அச்செடுக்கச் சொல்லியிருந்தார்கள். அலுவலக அக்கா, இருபது வருஷமாக அந்தத் துறையின் கோப்புகளையெல்லாம் முதுகில் சுமந்தவர், கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"சார், இந்தப் பையன் தாளைக் கொஞ்சம் பாருங்களேன்."

"அவனுக்கு என்ன? அவன் மாதிரி நிதானமான பையன்..."

"ஆறும் ஒண்ணு சார்."

"அதைத்தானே சொல்றோம். ஆறும் ஒண்ணு. எழுபத்தொன்பது."

"மார்க்கைச் சொல்லல. தாளைச் சொல்றேன்." அக்கா ஆறு தாள்களையும் சீட்டு விரிப்பதுபோல் மேசையில் விரித்தார். ஆறிலும் மேலே 'முதல் பருவம்' என்று இருந்தது. ஆறிலும் ஒரே தேதி, ஒரே வரிசை எண், இடது மூலையில் ஒரே தேநீர்க் கறை. பையன் முதல் பருவத் தாளையே ஆறு முறை ஏற்றியிருந்தான்.

தலைவர் முதலில் சந்தேகப்பட்டது அக்காவை. "இதையெல்லாம் உங்களை யாரு பார்க்கச் சொன்னது?"

"பிரிண்ட் எடுக்கறப்ப கண்ணை மூடிக்கிட்டா எடுக்க முடியும்? எனக்கு அட்டை வச்சுப் பார்க்கத் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார்.

தசமத்தின் மனசுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கண்ட ஒரே பூஜ்ய விலகல், ஒரு தாளுக்கும் அதே தாளுக்கும் இருந்த வித்தியாசம். மாநாட்டுக் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் அதைப் படமாகப் போட்டிருந்தார்.

"சார், இனி யோசிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார் புது மேடம். "பையனோட அஞ்சு பருவ மார்க் நம்மகிட்ட இல்லவே இல்ல. அந்தப் பொண்ணோட எல்லாமே இருக்கு, சீட்டோட இருக்கு."

"பாவம், பையன் அவசரத்துல ஏத்தியிருப்பான்" என்றார் தலைவர்.

புது மேடம் அவரைப் பார்த்தார். இரண்டு மணியிலிருந்து காவல் காத்த சந்தேகம் அந்த ஒரு வாக்கியத்தில் படுத்துத் தூங்கிவிட்டது.

"அப்ப அவனுக்கும் போன் போடுங்க சார். அவளைக் கேட்ட மாதிரி கேளுங்க."

"நேரம் எங்கம்மா இருக்கு? மூணு நாற்பது ஆச்சு." தலைவர் குரலைத் தாழ்த்தினார். "நல்லா யோசிச்சுப் பாருங்க. பையனைத் தூக்கினா ஏன் தூக்கினோம்னு குறிப்பேட்டுல எழுதணும். குழு ஒரே தாளை ஆறு தடவை மதிப்பிட்டுதுன்னு எழுதணும். மேல அனுப்பினா, மீதிப் பத்தொன்பதையும் இப்படித்தான் பார்த்தீங்களான்னு கேப்பாங்க. பொண்ணை விட்டா எதுவும் எழுத வேண்டாம்."

"குறியீடு எழுபத்தொன்பது" என்றார் தசமம், மேசையைப் பார்த்தபடி. "தாள்ல இருந்த எண்ணைத்தான் எழுதினேன். கணக்குல தப்பு இல்ல."

இரண்டுக்கு ஒன்று. புது மேடம் தன் மறுப்பைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்றார். தாராளமாக எழுதுங்கள் என்று தலைவர் ஒரு வரி இடம் விட்டார். அவர் எழுதியது ஒரு பக்கம் வந்தது. அதைத் தனித் தாளாக மடித்து இணைப்பில் சேர்த்தார்கள். இணைப்புகள் மேலே போவதில்லை.

பெண்ணுக்கு அநியாயம் நடந்துவிட்டதாக யாரும் சொல்லிவிடக்கூடாதே என்பதற்காக, அவள் பெயரைக் காத்திருப்போர் பட்டியலின் முதல் இடத்தில் போட்டார்கள். "பெரிய கௌரவம்" என்றார் தலைவர். நாலு மணிக்கு இரண்டு பட்டியலும் இணையத்தில் ஏறின.

அந்தத் துறை காத்திருப்போர் பட்டியலிலிருந்து இதுவரை ஒருவரையும் கூப்பிட்டதில்லை.