உங்கள் குடும்பத்தினர் இருக்கும் கட்டங்கள்

அரசு இணையதளத்தைப் பயன்படுத்துவது எளிதா என்று குடும்பத் தலைவர்கள்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். முடித்துக் காட்டுகிறவர் தலைவராகவே நீடிப்பார். முடிக்காதவர் வீட்டுக்கு வேறு தலைவர் போடுவார்கள். சபாநடேசன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

கணினிக்குப் பக்கத்தில் ரெஜினா என்ற அதிகாரி பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"சோதனை உங்களுக்கு இல்லை ஐயா, இணையதளத்துக்கு. நீங்க எங்கே தடுமாறுறீங்கன்னு மட்டும் குறிச்சுக்குவேன்."

"நான் தடுமாறுறதில்லை."

"மனசுல நினைக்கிறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யணும்."

"எங்க வீட்ல அந்தப் பழக்கம் கிடையாதும்மா."

குறித்துக்கொண்டாள்.

திரையில் கட்டங்கள் தோன்றின. 'நீங்கள் இயந்திரம் அல்ல என்று உறுதிசெய்ய, உங்கள் குடும்பத்தினர் இருக்கும் கட்டங்களை எல்லாம் தொடவும்.'

ஒன்றில் மனைவி கோமளா கையில் குக்கரோடு நின்றாள். ஒன்றில் காலமான அப்பா இருமினார். சிலவற்றில் பேருந்துகள். கடைசிக் கட்டத்தில் தம்பி ஞானசுந்தரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டு போனவன். அன்றிலிருந்து வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை.

"அண்ணே, சௌக்கியமா?"

சபாநடேசன் மனைவியைத் தொட்டார். அப்பாவைத் தொட்டார். அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

'மீண்டும் முயலவும்.'

நாற்காலி ஒரு சாண் இறங்கியது. அவர் முதுகை வளைக்கவில்லை.

இப்போது தம்பி பாதிக் கட்டங்களில் இருந்தான். கோமளாவும் அப்பாவும் ஒரே கட்டத்தில் நெருக்கியடித்து நின்றார்கள்.

"என்னங்க, அவரையும் தொட்டுத் தொலைங்களேன். குக்கர் சுடுது."

"அந்தக் கட்டத்துல இருக்கிறது யாரு ஐயா?" என்றாள் ரெஜினா.

"பஸ்."

தம்பி மரியாதைக்கு ஒருமுறை ஹாரன் அடித்தான்.

"டேய் சபா, அவன் பஸ்ஸாடா?" என்றார் அப்பா.

'மீண்டும் முயலவும்.'

எல்லாக் கட்டங்களிலும் தம்பியே இருந்தான். சபாநடேசன் எதையும் தொடவில்லை. நாற்காலி இறங்கிக்கொண்டே போனது. மேசை தலைக்கு மேலே ஏறியது. திரை சுவர் அளவுக்கு வளர்ந்தது. பிறகு அவருக்கு இந்தப் பக்கம் ஒரு கோடு வந்தது, அந்தப் பக்கம் ஒரு கோடு. அடுத்த கட்டத்தில் ஒரு பேருந்து இன்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது.

எதிரே, அவருடைய நாற்காலியில், ஞானசுந்தரம் உட்கார்ந்திருந்தான்.

"மனசுல நினைக்கிறதை வாய்விட்டுச் சொல்லுங்க சார்" என்றாள் ரெஜினா அவனிடம்.

"இதோ எங்க அண்ணன். எப்படி விறைப்பா உட்கார்ந்திருக்கார் பாருங்க. வேற யாரா இருக்கும்?"

விரல் வந்தது. எங்கேயும் தயங்கவில்லை. சபாநடேசனின் சட்டையில் பச்சையாக ஒரு சரி குறி விழுந்தது.

"இணையதளம் எப்படி சார் இருந்துச்சு?"

"ரொம்ப சுலபம் மேடம்."

குடும்பத் தலைவர் ஞானசுந்தரம் எழுந்தார். கட்டத்துக்குள் குனிந்து பார்த்தார்.

"வீட்டுக்குப் போலாமாண்ணே?"

சபாநடேசன் முதல்முறையாக மனதில் நினைத்ததை வாய்விட்டுச் சொல்லப் பார்த்தார்.

ஹாரன் சத்தம்தான் வந்தது.