வோட்டில்லாதவள் தட்டிய கதவு

எம்லைனுக்கு வந்த கோபத்தில், வெந்த பன்றி இன்னொரு தடவை வெந்திருக்கும்.

பின்னே என்ன? ரோசினா நகர்மன்றத் தேர்தலில் நிற்கிறாள். தன்னைப் போலவே பசிபிக் கடலின் மார்ஷல் தீவுக்காரி, சர்ச்சில் தன் பக்கத்தில் நின்று பாடுகிறவள். அவளுடைய பிரசாரம் தொடங்கும் நாளில் வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா? கோழிக்கறி ஆலையில் ஷிப்டு முடித்த கையோடு முழுப் பன்றியைச் சுட்டாள் எம்லைன். சோற்று உருண்டைகளைத் தேங்காய்த் துருவலில் புரட்டினாள். எல்லாவற்றையும் கொண்டுபோய் இறக்கினால், ரோசினா வாசலிலேயே மறிக்கிறாள்.

"அக்கா, கெஞ்சிக் கேக்குறேன், இதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க."

"என்னடி சொல்ற? சோத்தைத் திருப்பி அனுப்புறியா? எங்கம்மா சாவுக்கு வந்த பகையாளிகூட என் கையால சாப்பிட்டுத்தான் போனான்!"

"நீங்க இந்த நாட்டுக் குடிமகள் இல்லையேக்கா. நான் ஹவாயில, அமெரிக்க மண்ணுல பொறந்தவ, நிக்கலாம். நீங்க பிரசாரத்துக்குக் காசும் குடுக்கக் கூடாது, காசு போட்டு வாங்குன பொருளும் குடுக்கக் கூடாது. எவனாவது ஒரு புகார் எழுதிப் போட்டான்னா நான் அம்போ."

மார்ஷல் தீவுக்காரர்கள் விசா இல்லாமலே அமெரிக்காவுக்கு வரலாம், மாடாய் உழைக்கலாம், வரியும் கட்டலாம். வோட்டு மட்டும் கிடையாது. இந்த ஆர்கன்சா மாநிலத்துக்கு வந்த நாளிலிருந்து எம்லைனுக்கு இது தெரிந்ததுதான். ஆனால் சோறுமா ஆகாது?

"அப்ப நான் எதுக்குத்தான்டி ஆவேன்?"

"வாய் இருக்குல்ல? கால் இருக்குல்ல? சம்பளம் வாங்காம வீடு வீடாப் போய் எனக்காகப் பேசுங்க. அதை எந்தச் சட்டமும் தடுக்கல."

"நெசமாவா? போலீஸ் வந்தா?"

"வரட்டுமே. அவங்ககிட்டயும் பேசுங்க."

எம்லைனுக்குக் கோபம் இறங்கி வியப்பு ஏறியது. போலீஸ் வண்டியைக் கண்டாலே தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறவள் அவள். யார் ஆளவேண்டும் என்று அவள் வாய்திறந்து சொல்லலாமாம்!

சொல்ல அவளிடம் விஷயமும் இருந்தது. ஆலைக்குப் போகிற சாலையில் நடைபாதை கிடையாது. போன குளிர்காலத்தில் அங்கே ஒரு வண்டி அவள் மகனை இடித்துத் தள்ளியது. பையன் இன்னும் காலைத் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறான். நடைபாதை போடுவேன் என்று சொன்ன ஒரே ஆள் ரோசினா.

அந்தச் சாலையிலேயே குடியிருக்கும் லோவெல் கிழவரின் கதவைத் தட்டினாள் எம்லைன்.

"உனக்கு வோட்டு இருக்கா?" என்றார் கிழவர், எடுத்த எடுப்பில்.

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு வந்து என் உயிரை எடுக்குற?"

"ரோட்டுல நடக்குறது நான்தானுங்களே. என் மகனை வண்டி இடிச்சதும் உங்க வாசல்லதான்."

கிழவர் கொஞ்சம் தணிந்தார். "நடைபாதை வந்தா என் புல்வெளியில பாதி போயிடும்மா."

"தெரியுங்க. அதான் உங்ககிட்டயே கேக்க வந்தேன்."

"நான் வோட்டுப் போட்டே எத்தனையோ வருஷமாச்சு. எல்லாம் திருட்டுப் பசங்க."

"உங்ககிட்ட இருக்கு, போடாம வச்சிருக்கீங்க. என்கிட்ட இல்லவே இல்லையே ஐயா."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. எம்லைன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.

தேர்தலன்று, வோட்டுச்சாவடிக்கு வெளியே, பிரசாரக்காரர்கள் தாண்டக்கூடாத கோட்டுக்கு இப்பால், ரோசினாவின் பெயர்ப் பலகையைப் பிடித்தபடி நின்றாள் எம்லைன். அவள் கதவு தட்டிய வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சிலர் கையசைத்தார்கள். அடேயப்பா, இத்தனை பேரா! அவள் பலகையை இன்னும் உயர்த்திப் பிடித்தாள். அப்போது, இஸ்திரி போட்ட சட்டையும் கைத்தடியுமாக, லோவெல் கிழவரும் வந்தார்.

உள்ளே போனவர் வெளியே வந்து, நேராக அவளிடம் நடந்து, தொப்பியைக் கழற்றினார்.

"உங்க ஆளுக்குப் போடலம்மா."

பாவி மனுஷன், இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தான்!

"புல்லை விட மனசு வரல. ஆனா நீ வந்து கேட்டதுக்கு அப்புறம் வீட்டுல உக்காந்திருக்கவும் முடியல. உன்கிட்ட சொல்லாமப் போறது நியாயமில்லைன்னு பட்டுச்சு."

அவர் யாருக்கு வோட்டுப் போட்டார் என்று கேட்க இந்த நாட்டில் எவனுக்கும் உரிமையில்லை. போலீஸ் கேட்க முடியாது, நீதிபதி கேட்க முடியாது. அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எம்லைனிடம் வந்து பதில் சொல்கிறார்! அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"அடுத்த தேர்தலுக்கும் வந்து தட்டுவேங்க," என்றாள்.

"வா. என் புல்லு அப்பவும் அங்கதான் இருக்கும்."

"நானும் என் மகனும் அப்பவும் அந்த ரோட்டுலதாங்க நடந்துட்டிருப்போம்."

கிழவர் தொப்பியைத் தலையில் வைக்கவும் மறந்து, அங்கேயே நின்றார்.