மலையைப் பார்த்துச் சொன்ன சொல்

ஆனி பிறந்ததிலிருந்து அடி அண்ணாமலை ஊரே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. உண்ணாமலையும் பார்த்தாள். மற்றவர்கள் மழை வர வேண்டும் என்று பார்த்தார்கள். அவள் வந்துவிடக் கூடாதே என்று பார்த்தாள். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, மழைக்குப் பயப்படுகிற பெண் அந்த ஊரில் அதற்கு முன் இருந்திருக்க மாட்டாள்.

பயமெல்லாம் அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியில் இருந்தது. பழைய பால் சொசைட்டி கட்டடத்தின் சாவி அது. மகளிர் குழுவில் இருந்த அத்தனை வீட்டு விதை மல்லாட்டையும், அதாவது விதைக் கடலையும், அதற்குள் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தது. மானாவாரி நிலத்துக்காரர்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் விதை மூட்டையில் கை வைக்க மாட்டார்கள். அவர்களே தலையில் சுமந்து வந்து இறக்கினார்கள் என்றால், உண்ணாமலை வாங்கி வைக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக இறக்கினார்கள். இப்போது அந்தக் கட்டடத்தில் எலிகூடக் கிடையாது. தின்ன என்ன இருக்கிறது, எலி தங்க?

எல்லாம் அறிவுச்செல்வன் வந்ததிலிருந்து தொடங்கியது. பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். சென்னையில் கல்லூரி வேலையை உதறிவிட்டு இங்கே அறை எடுத்துத் தங்கினார். இந்த மலையடிவாரத்துக்கு ஞானம் தேடி வருகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. வளர்ச்சி தேடி வந்தவர் அவர் ஒருவர்தான். கெட்டவர் இல்லை. பீடி, சிகரெட் கிடையாது. பொய் சொல்லத் தெரியாது. தான் சொல்வதைத் தானே முழுசாக நம்புகிறவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது உண்ணாமலைக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவருடைய கணக்கு கேட்க அழகாக இருக்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் ஜனம் உங்கள் வாசல் வழியாக நடக்கிறது, கடை போடுகிறீர்கள், வந்த காசு விடிவதற்குள் டவுன் மண்டிக்குப் போய்விடுகிறது என்பார். அதே சமயம் உங்கள் வீட்டில் விதை ஆறு மாதம் சும்மா தூங்குகிறது என்பார். தூங்குகிற விதையைக் கோடையில் நல்ல விலைக்கு விற்றுக் கடைகளுக்கு முதலாகப் போடுவோம். விதை கொடுத்தவர்களுக்கு அட்டை கொடுப்போம். அந்த அட்டை ஊருக்குள் ரூபாய் மாதிரி செல்லும். ஆனிக்குள் ரிசர்வ் பேங்க் முன்னோடித் திட்டம் என்று நம் ஊரை எடுத்துக்கொள்ளும். அந்தப் பணத்தில் ஒரு மூட்டைக்கு ஒன்றேகால் மூட்டையாக விதை திரும்பி வரும். ரிசர்வ் பேங்க் மட்டும் பின்னால் வந்து நின்றால் போதும் என்று நாலு வாக்கியத்துக்கு ஒரு முறை சொல்வார்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். டவுனில் பைனான்ஸ் கம்பெனிகள் ஷட்டரை இறக்கிவிட்டுக் காணாமல் போய்க்கொண்டிருந்த நேரம். வேறு எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் பெண்கள் துடைப்பத்தைத் தூக்கியிருப்பார்கள். ரிசர்வ் பேங்க் என்றால் நோட்டில் கையெழுத்துப் போடுகிற பேங்க் ஆயிற்றே. அது எப்படி ஓடும்?

பங்குனிப் பௌர்ணமியன்று அந்த பேங்கே காலில் செருப்பில்லாமல் ஊருக்குள் நடந்து வந்தது. சக்கரபாணி, ரிசர்வ் பேங்கின் சென்னை ஆபீசில் பெரிய அதிகாரி. கூட்டம் சேருமுன் சாயங்காலமே கிரிவலம் கிளம்பியிருந்தார். ஏதோ கருத்தரங்கில் பழக்கமானவர் என்று சொல்லி, கோயில் வாசலில் அவரை நிறுத்தினார் அறிவுச்செல்வன். பெண்கள் சுக்கு காப்பி கொடுத்தார்கள். சக்கரபாணி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார்.

"நல்ல எண்ணம். எழுதிக் கொடுங்க, பார்ப்போம். எல்லாம் அவர் நடத்திக் குடுப்பார்" என்றார். சொல்லிவிட்டு மலைப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

அவ்வளவுதான். ஊருக்கு வேறு என்ன வேண்டும்? அந்த ஊரில் நிலம் கைமாறுவதும் பெண் கொடுப்பதும் பத்திரத்திலும் பத்திரிகையிலும் ஏறுவது அப்புறம்தான். முதலில் மலையைப் பார்த்துச் சொல்வார்கள். சொன்னால் சொன்னதுதான். சொல்லிவிட்டுப் பின்வாங்கினவன் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். இது சென்னைக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் சாமி கும்பிட்டார். ஊர் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டது.

கும்பிட்ட கை இறங்குவதற்குள் அவர் இன்னும் எவ்வளவு தூரம் நடக்கணும் என்று கேட்டதை உண்ணாமலை கவனித்தாள். சத்தியம் செய்த மனுஷன் உடனே இப்படிக் கேட்பாரா என்று ஒரு முள் உள்ளே தைத்தது. பிடுங்கிப் போட்டுவிட்டாள். நல்லது நடக்கப் போகிறது என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை?

மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு அவளும் அறிவுச்செல்வனும் கீழ்பென்னாத்தூருக்குப் போனார்கள். அங்கே எண்ணெய் மில் வைத்திருந்தவர் கலீல் ரஹ்மான், மூன்று தலைமுறையாக மல்லாட்டை வாங்குகிற குடும்பம். ஒரு மூட்டையில் கைவிட்டு அள்ளிப் பார்த்தவர், அப்படியே திரும்பக் கொட்டிவிட்டார்.

"இது விதைக்குன்னு பொறுக்கி வெச்சதாச்சே. இதப் போயி மிஷின்ல போடச் சொல்றீங்களா?"

அறிவுச்செல்வன் விளக்க ஆரம்பித்தார். பாய் அவரைப் பார்க்கவே இல்லை. உண்ணாமலையைப் பார்த்தார்.

"உண்ணாமலம்மா, எனக்கு இந்தப் படிப்பெல்லாம் தெரியாது. பேங்கு ஒத்துக்கிச்சுன்னு நீங்க மலையப் பார்த்துச் சொல்லுங்க. எடுத்துக்கறேன்."

மில் வாசலிலிருந்து பார்த்தால் மேற்கே மலை சின்னதாக, நீலமாகத் தெரிந்தது. உண்ணாமலை திரும்பினாள். பக்கத்தில் அறிவுச்செல்வன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒத்துக்கிச்சு பாய்" என்றாள்.

சித்திரையும் வைகாசியும் கொண்டாட்டமாகப் போயின. கடைகள் நிறைந்தன. அட்டையைக் கொடுத்துப் பெண்கள் எண்ணெய் வாங்கினார்கள், வளையல் வாங்கினார்கள், சிரித்தார்கள். ஆனால் டவுன் மண்டிக்காரன் அட்டையைத் தொடவில்லை. அவனுக்கு ரொக்கம் வேண்டும். விதை விற்ற பணம் சரக்காகி, சரக்கு விற்ற பணம் பழையபடி மண்டிக்கே போய், ஊருக்குள் அட்டை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

வைகாசிக் கடைசியில் அறிவுச்செல்வன் சென்னைக்குப் போய் சக்கரபாணியைப் பார்த்துவிட்டு வந்தார். சொசைட்டி கட்டடத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் நின்று அவளிடம் மட்டும் சொன்னார்.

"நம்ம ஊரு அவருக்கு ஞாபகம் இருக்கும்மா. சுக்கு காப்பி ஞாபகம் இருக்கு. விஷயந்தான் ஞாபகம் இல்ல."

இப்படி அட்டை அச்சடிப்பதே சட்டப்படி தப்பு, உடனே நிறுத்துங்கள் என்று சக்கரபாணி சொல்லியிருக்கிறார். கோபமாகக்கூட இல்லை, தம்பிக்குச் சொல்வதுபோல அன்பாகச் சொல்லியிருக்கிறார். அப்படியும் அறிவுச்செல்வன் முகத்தில் வெளிச்சம் குறையவில்லை. சென்னை வெறும் கிளைதான், பம்பாயில் இருக்கிற மேலிடத்துக்குப் புரியும், நேரில் போய்ப் பேசிவிட்டு வருகிறேன், அதுவரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். மறுநாள் பஸ் ஏறிவிட்டார். ஏமாற்றிவிட்டு ஓடியிருந்தால் ஊரோடு சேர்ந்து அவளும் மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அவர் நிஜமாகவே பம்பாய்க்குத்தான் போனார்.

அவள் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட, சாவி இடுப்பிலேயே கிடந்தது. ஆனிக்குள் திரும்பி வரும் என்ற விதை வந்து கட்டடத்தில் இறங்கிவிட்டது என்று ஊர் தானாகவே நினைத்துக்கொண்டது. ஒரு நாள் தனியாகக் கலீல் ரஹ்மானிடம் போய், பாதியாவது விதை கிடைக்குமா என்று கேட்டாள். எண்ணெயாகி எப்பவோ போய்விட்டது, பிண்ணாக்குதான் மிச்சம், இந்த வருஷம் விதைக்கு எல்லா ஊரிலும் தட்டுப்பாடு ஜாஸ்தி என்றார். பேசிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, "நீங்க மலையப் பார்த்துச் சொன்னீங்களேம்மா" என்றார். அதில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

ஆனி பாதியில் காற்று நின்றது. புழுக்கம் தாங்க முடியாமல் நாய்கள் வாய்க்காலில் போய்ப் படுத்தன. அவள் புருஷன் தருமன் கலப்பையை இறக்கித் தட்டிக் கொட்டிச் சரிசெய்தான். இந்தத் தடவை ஆண்டவன் கண் திறந்துட்டான், பேஞ்ச உடனே நம்ம விதையை முதல்ல எடுத்து வெச்சிடு என்று சந்தோஷமாகச் சொன்னான். அவனிடமும் அவள் சொல்லவில்லை.

மதியத்துக்கு மேல் மேற்கே கறுத்தது. முதலில் மலை உச்சி மறைந்தது, பிறகு இடுப்பு, பிறகு மலை முழுவதும். சடசடவென்று இறங்கியது மழை. தெருவில் பிள்ளைகள் ஆடின. பத்து வருஷத்தில் இப்படி ஒரு விதைப்பு மழை பெய்யவில்லை என்று யாரோ கத்திக்கொண்டே ஓடினார்கள். உண்ணாமலை சொசைட்டி கட்டடத்துப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு வேறு போக்கிடம் தெரியவில்லை.

பெண்கள் கூடையும் சாக்குமாக, நனைந்துகொண்டே, சிரித்துக்கொண்டே வந்தார்கள். ராத்திரிக்குள் காயை உடைத்து வைத்தால்தான் விடிந்ததும் விதைக்க முடியும். முன்னால் வந்தவள் ஜோதியம்மாள். குழுவில் முதல் மூட்டையை இறக்கியவள் அவள். ரிசர்வ் பேங்கை நம்பி நான் தரவில்லை, உன்னை நம்பித் தருகிறேன் என்று அன்றைக்கே சொன்னவள்.

"சாவியக் குடு உண்ணாமல. ஏன் இப்படிக் குந்திக்கினு கீற?"

உண்ணாமலை இடுப்புச் சாவியைக் கையால் பொத்திக்கொண்டாள். ஜோதியம்மாள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்தது. பின்னால் வந்தவர்களும் அப்படியே நின்றார்கள்.

"உள்ள விதை கீதா, இல்லியா?" ஜோதியம்மாள் குரலை உயர்த்தவில்லை. "மலையப் பார்த்துச் சொல்லு."

உண்ணாமலை எழுந்து திரும்பினாள். அங்கே மலை இல்லை. வெள்ளையாக மழைதான் நின்றது.

"மலை தெரியலியேக்கா" என்றாள்.

"தெரியாட்டி போவுது. எங்க கீதுன்னு உனக்குத் தெரியும். சொல்லு."

எந்தப் பக்கம் என்பது கண்ணைக் கட்டிவிட்டாலும் அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் பார்த்துத்தான் கும்பிட்டிருக்கிறாள். இரண்டரை மாதத்துக்கு முன் பார்த்துச் சொன்னதும் அந்தப் பக்கம்தான். இன்னொரு தடவை அந்தத் திசையில் பொய் சொல்ல அவளால் முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் உடம்பில் தெம்பில்லை. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து ஜோதியம்மாளின் ஈரக் கையில் வைத்தாள்.

ஜோதியம்மாள் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். பெண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒவ்வொருவராகப் படி இறங்கிப் போனார்கள். தெருக்கோடியில் தருமன் சாக்கோடு வந்துகொண்டிருந்தான். மழை விட்ட பாடில்லை.