நெவெனா மறைத்த சர்க்கரை

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் கரண்டி பிடித்தவள் நெவெனா. பிளோவ்திவ் நகரத்தில் பேர் தெரிந்த பத்தியம் எதையும் அவள் விட்டு வைக்கவில்லை. முட்டைக்கோஸ் சூப்பில் ஒரு மாதம், வெறும் தயிரில் ஒரு மாதம். இறங்கிய எட்டு கிலோ பத்தாகத் திரும்பி வந்தது. கடைசியில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

பஸ் ஓட்டும் கணவன் ஸ்டாமனுக்கு ஆபரேஷன் கத்தி என்றாலே பயம்.

"எனக்கு நீ இப்படியே இருந்தாப் போதும்டி."

"உனக்குப் போதும். என் முட்டி தாங்கலையே!"

டாக்டர் அறைக்குள் நுழையும்முன், "வாயைத் திறந்தியோ, வீட்டுக்கு நீ தனியாத்தான் போகணும்" என்று எச்சரித்தாள். நோய் இருக்கிறது என்று தெரிந்தால் கத்தி வைக்கமாட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள்.

எடையும் உயரமும் பார்த்த டாக்டரம்மா கேட்டார்: "வேற நோய் ஏதாவது?"

"ஒண்ணும் கிடையாது. கல்லு மாதிரி இருக்கேன்."

ஆபரேஷனைத் தடுக்க ஸ்டாமனுக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

"பொய் டாக்டர்! ஆறு வருஷமாச் சர்க்கரை. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. பக்கத்துல படுத்திருக்கிற எனக்குத்தான் உயிர் போகுது."

நெவெனா அவன் தொடையில் கிள்ளினாள். டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"நல்லவேளை சொன்னீங்க. உயரத்துக்கும் எடைக்கும் போடற கணக்குல இவங்களுக்கு முப்பத்தேழு வருது. நாற்பது இருந்தா அதுவே போதும். முப்பத்தஞ்சுக்கு மேலன்னா, சர்க்கரை, மூச்சுத் தடை மாதிரி ஏதாவது இருந்தாத்தான் இங்க எடுத்துக்குவோம். இவங்களுக்கு ரெண்டும் இருக்கு."

ஸ்டாமன் முகம் தொங்கிப்போனது. நெவெனா விழுந்து விழுந்து சிரித்தாள். கிள்ளிய இடத்தைத் தடவியும் விட்டாள்.

"சிரிக்காதீங்க, இன்னும் இருக்கு. மனநல மருத்துவர் பார்க்கணும், பரிசோதனை எல்லாம் சரியா வரணும். ஆயுசுக்கும் சத்து மாத்திரை சாப்பிடணும். சிகரெட் உண்டா?"

இந்த முறை நெவெனாவே சொன்னாள்: "தினம் பத்து."

"நிறுத்தினாத்தான் ஆபரேஷனுக்குத் தேதி."

அவள் நிறுத்தினாள். அவள் எதிரே புகைக்க மனம் வராமல் ஸ்டாமனும் நிறுத்தினான். ஐந்து மாதம் கழித்து, ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்து அவள் கண் விழித்தபோது, அவன் அவளுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"நான் உயிரோடதான் இருக்கேன், மனுஷா."

எல்லாம் சுகமாகப் போகவில்லை. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஒருநாள் ஆசைப்பட்டு, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவை அவசரமாக விழுங்கி, வாந்தியெடுத்து, பாத்திரத் தொட்டி அருகே உட்கார்ந்து அழுதாள். ஸ்டாமன் தரையைத் துடைத்தான். வருஷம் முடிவதற்குள் இருபத்தெட்டு கிலோ குறைந்தது. சர்க்கரை மாத்திரை பாதியானது. குறட்டை நின்று, தூக்கத்தில் மூச்சு ஒழுங்காக வந்தது.

"வீடே அமைதியாயிடுச்சு. எனக்குத்தான் இப்பத் தூக்கம் வரலை" என்றான் ஸ்டாமன்.

"வேணும்னா நான் எழுந்து உட்கார்ந்து குறட்டை விடட்டுமா?" என்றபடி, ஓரமாய் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.