மூன்று விரல்

பரீட்சைக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கை சில்லிட்டுக் கிடக்கும். வயிற்றில் வைத்தால் தூக்கிவாரிப் போடும். நான் தையல்காரன். பத்து வருடமாக என் மண்ணீரல் வீங்கியிருக்கிறது. அதனால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆனால் மருத்துவக் கல்லூரிக்கு அது ரொம்ப வேண்டியது. ஆறு மாதத்துக்கொரு முறை ஆள் அனுப்புவார்கள். நான் கட்டிலில் படுத்துக்கொள்வேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறதென்று பேராசிரியரிடம் சொல்ல வேண்டும்.

நடுங்குகிற பிள்ளையைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பேராசிரியர் அந்தப் பக்கம் திரும்பியதும், "இடது பக்கம், மண்ணீரல், மூணு விரல் அளவு வீக்கம். தைரியமா போய்ச் சொல்லு" என்பேன். போகப் போக நடுங்காத பிள்ளைகளுக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஊரில் பாதி டாக்டர்கள் என் தயவில் பாஸானவர்கள் என்று கடையில் பீற்றிக்கொள்வதும் உண்டு.

ஏழெட்டு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை. தொளதொளத்துப் போன சட்டைகளை நானே பிடித்துத் தைத்துக்கொண்டேன். மனைவி நச்சரித்தாள்.

"ஒரு டாக்டர்கிட்ட காட்டினா கொறஞ்சா போயிடுவீங்க?"

"அட போடி! போன பரீட்சையில முப்பது பேர் தொட்டுப் பாத்தாங்க. ஏதாவது இருந்தா ஒருத்தன்கூடவா சொல்லியிருக்க மாட்டான்?"



இன்று ஆறாவதாக வந்தவள் ஒல்லியான ஒரு பெண். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள்.

"முழங்காலை மடக்கிக்கோங்க ஐயா. வலிச்சா சொல்லிடுங்க."

"இடது பக்கம்..." என்று கிசுகிசுத்தேன்.

"வேண்டாம் ஐயா, நானே பாக்கறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திமிரைப் பார், ஃபெயிலாகித் தொலை என்று நினைத்துக்கொண்டேன்.

வலது அடிவயிற்றில் ஆரம்பித்தாள். கை வயிற்றில் நகர்ந்தது, கண் என் முகத்தை விட்டு அசையவில்லை. மண்ணீரலைக் கண்டுபிடித்துவிட்டாள். அத்தோடு போகாமல் கை தொப்புளுக்கு மேலே வந்து நின்றது.

"மூச்சை இழுங்க. இன்னொரு தடவை."

நான் முகம் சுளித்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"சார், மண்ணீரல் மூணு விரல். மேல் வயித்துல ஒரு கட்டியும் இருக்கு. கல்லு மாதிரி இருக்கு."

பேராசிரியர் சிரித்தார். "கட்டியா? இவரைப் பத்து வருஷமா எனக்குத் தெரியும்மா."

"தொட்டுப் பாருங்க சார்."

வேண்டாவெறுப்பாகக் கையை வைத்தார். சிரிப்பு நின்றது. மறுபடி அமுக்கினார். பிறகு என் சட்டைப் பொத்தான்களை அவரே போட்டுவிட்டார். பத்து வருடத்தில் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை.

"போன தடவை முப்பது பேர்ல ஒருத்தர்கூட இதைச் சொல்லலையே! அப்பவே தெரிஞ்சிருந்தா..." மீதியை விழுங்கிக்கொண்டார்.

நான் என்னத்தைச் சொல்ல? அந்த முப்பது பேர் வாயிலும் பதிலைத் திணித்த பாவி நான்தானே. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

வராந்தா பெஞ்சில் மனைவி ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முறையும் கேட்கிற அதே கேள்விதான்.

"என்ன வாத்தியாரே, எத்தனை பேரை பாஸ் பண்ண வெச்சீங்க?"

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு பொண்ணு தானாவே பாஸாயிட்டா. மத்த யாரையும் நான்தான் பாக்க விடலடி" என்றேன்.