ஆஸ்பத்திரிக் குரல்

ஈரமான விரிப்பை ஒரு கையால் உருவிக்கொண்டே மறுகையால் தன் அப்பாவைப் புரட்டினாள் நர்ஸ். அன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். அழுகிற குழந்தைகள், முண்டியடிக்கிற தாய்மார்கள், எரிந்து விழுகிற டாக்டர். வீடு வந்து சேர்ந்தபோது செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. அந்தக் களைப்பில் வேலையிடத்துப் பேச்சே வாயில் வந்துவிட்டது.

“கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க ஐயா. அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு.”

அப்பா அவள் முகத்தையே பார்த்தார்.

“உனக்கு இப்படியும் பேச வருமாம்மா?”

ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்ததிலிருந்து அவருக்கு அவள் ஒரு குறையும் வைத்ததில்லை. மாத்திரை வேளை தவறியதில்லை, முதுகில் புண் வந்ததில்லை. பேச்சு மட்டும்தான் இல்லை. ‘திரும்புங்க’, ‘வாயைத் திறங்க’, ‘தூங்குங்க’. அதற்கு மேல் வராது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது உள்ளே சுரண்டி எடுக்கக்கூட ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஏதாவது பதில் சொல்ல நினைத்தாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கியது, ஓடினாள். துடைத்துவிட்டு வந்தபோது அப்பாவுக்கு மூச்சில்லை.

சாவு வீட்டில் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. எத்தனையோ சாவைப் பார்த்தவள், மனசு மரத்துப் போயிருக்கும் என்று அண்ணி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அதே அண்ணிதான் சற்றுக் கழித்துத் தலை சுற்றுகிறது என்று வந்து கையை நீட்டினாள். பிரஷர் பார்த்தது தப்பாகப் போயிற்று. கூடத்தில் பிணம் கிடக்க, இன்னும் நாலு பேர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் பார்த்தாள். உப்பைக் குறையுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்று எல்லாரிடமும் இதமாகச் சொன்னாள்.

அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஊருக்கெல்லாம் நர்ஸ். பெத்த அப்பனைக் காப்பாத்தத் துப்பில்லை.”

அவள் பிரஷர் பட்டையைச் சுருட்டி எடுத்து வைத்தாள்.

லீவு முடிந்து வேலைக்குப் போன அன்று, கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஒரு பெரியவர் வந்தார். வலித்தால் சொல்லுங்கள் ஐயா என்று சொல்லிச் சொல்லித் துடைத்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“எங்க வீட்ல யாருக்கும் இப்படிப் பேச வராதும்மா. உங்க அப்பா கொடுத்து வச்சவரு.”

அவள் குனிந்தபடியே கட்டைச் சுற்றினாள். போதுமான அளவுக்கு மேலும் சுற்றிக்கொண்டே போனாள். பிறகு எல்லாவற்றையும் பிரித்து, முதலிலிருந்து மறுபடி சுற்றத் தொடங்கினாள்.