அக்கா இல்லாதவரின் அக்கா பையன்கள்

மாடிப்படித் திருப்பத்தில் பெட்டி சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"கொஞ்சம் சாய்ங்க," என்றார் சித்தப்பா.

"இதுக்கு மேல சாய்ச்சா உங்க அண்ணன் எழுந்து நின்னுடுவார்," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

இறந்தவரின் மகள் சுவரோடு ஒட்டி நின்றாள். அப்போது கீழேயிருந்து ஐந்து பேர் ஏறி வந்தார்கள். ஒவ்வொருவனும் வாசலில் குனிந்து நுழையவேண்டிய உயரம். நாலு பேர் பெட்டியை வாங்கித் தலைக்கு மேல் தூக்கினார்கள். கைப்பிடிச் சுவரைத் தாண்டி அது சுலபமாகத் திரும்பியது. ஐந்தாமவன் மட்டும் காலை இழுத்துக்கொண்டு பின்னால் இறங்கினான்.

இவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியும். அப்பா தன்னைக் கால்பந்து ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்வார். எல்லைக்கு அப்பாலிருந்து லாரியில், ஃபிரிட்ஜ் பெட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்துப் பையன்களைக் கொண்டுவந்து கிளப்புகளில் சேர்ப்பார். யார் கேட்டாலும், "எங்க அக்கா பையன்." அப்பாவுக்கு அக்காவே கிடையாது.

அவளுக்கோ விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் வேலை. ஒருநாள் அப்பாவிடம் கேட்டேவிட்டாள்.

"நீங்க ஆளை ஒளிச்சுக் கொண்டு வர்றீங்க. நான் பிடிச்சுத் திருப்பி அனுப்பறேன். இது என்ன குடும்பம்பா?"

"நீ முன்வாசல்ல நிக்கிற, நான் பின்வாசல்ல நிக்கிறேன். ரெண்டு பேருக்கும் வர்றவங்களைப் பாக்கிற வேலைதானம்மா."

அதன்பிறகு அவள் தனியே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

தெருவில் வண்டியில் பெட்டியை ஏற்றும்போது அவள் ஐந்தாமவன் பக்கத்தில் நின்றாள்.

"உங்க பேரு?"

"மின்னல். மாமா வச்சது." தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டான். "ரெண்டாவது ஆட்டத்துலயே முட்டி போச்சு. கிளப்புல போகச் சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா யாரு என்னன்னு கேப்பாங்க, அதனால போகலை. சலவைக்கடையில துணி தேய்க்கிறேன்."

"அப்பாகிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். சரியாயிடும்னார். அவர் கன்னத்துல ஒரு அறை விடணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். வந்து பாத்தா படுத்துட்டார்."

"எனக்கும் அந்த எண்ணம் இருந்தது," என்றாள்.

அதற்குள் மலர்வளையத்தோடு அவளுடைய மேலதிகாரி வந்துவிட்டார். பார்த்த முகத்தை மறக்காதவர் என்று அலுவலகத்தில் பெயர். வளையத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து, அந்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இவங்க?"

சித்தப்பா வானத்தைப் பார்த்தார். அம்மா பெட்டியைப் பார்த்தாள். மின்னல் மெல்ல வண்டிக்குப் பின்னால் நகர்ந்தான்.

"எங்க அத்தை பசங்க சார்," என்றாள் மகள். அப்பா சொல்கிற மாதிரியே, கொஞ்சம் அலட்சியமாக வந்தது.

"அஞ்சு பேருமா?"

"அஞ்சும் பையன்."

"ஒருத்தர் ஜாடைகூட இன்னொருத்தருக்கு இல்லையே."

"எங்க அக்காவுக்கு ரெண்டு கல்யாணம்," என்றார் சித்தப்பா.

"மூணு," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அதிகாரி ஐந்து பேரையும் இன்னொருமுறை பார்த்தார். பிறகு, "உங்க அத்தைக்கு என் அனுதாபத்தைச் சொல்லிடுங்க," என்று காரில் ஏறிக்கொண்டார். அம்மா காலையிலிருந்து அழாதவள், அப்போதுதான் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பியபோது நாலு பேர் பயிற்சிக்கு நேரமாகிவிட்டதென்று பஸ் பிடித்துப் போனார்கள். மின்னலை அம்மா விடவில்லை. படியேற அவனுக்கு நேரமானது. மகள் முந்திப் போகாமல் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். நான் வர்றேன்."

"கேள்வி கேப்பாங்களே."

"கேக்கட்டும்."

கூடத்தில் நாற்காலிமேல் அப்பாவின் சட்டை கசங்கிக் கிடந்தது. உட்காருவதற்காக அதை எடுத்தவன், கீழே போடவில்லை. மேசையில் விரித்து, உள்ளங்கையால் சுருக்கங்களை நீவி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு, கைகளைப் பின்னால் மடக்கி, கடையில் மடிப்பதுபோல மடித்தான்.

"இதை எங்க வைக்கிறது?" என்றான்.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.